ஓட்டை விழுந்த மகாராணி

ஸுஹைறாவைத் தெருவில் கண்டால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அவள் பார்வை யாருடைய முகத்துக்கும் போகாது, நேரே தலைக்குத்தான் போகும். எண்ணெய் வைக்கவில்லை, வகிடு கோணல், முன்மயிர் கொட்டுகிறது என்பதையெல்லாம் ஸலாம் சொல்லி முடிக்குமுன் சொல்லிவிடுவாள். கல்முனையில் மணப்பெண்களைச் சோடித்து அலங்கரிப்பதில் அவளுக்கு இருந்த பெயர் அப்படி. கேட்காமல் சொல்வதற்கும் அந்தப் பெயரே அனுமதியாக இருந்தது.

அவளுடைய கடை பஸார் வீதியில் மேல்மாடியில் இருந்தது. கீழே அவளுடைய கணவர் மிஹ்லார் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்கள் விற்றார். மேலே மணப்பெண் நகைகள் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாம் கவரிங். வெல்வெட் பெட்டிகளில் வரிசையாக மின்னும் அந்த நகைகளைக் கூட்டி அள்ளினாலும் ஒரு மூக்குத்திக்குத் தேறும் தங்கம் அதில் இல்லை. கீழே வாகனச் சங்கிலி, மேலே கழுத்துச் சங்கிலி என்று மிஹ்லார் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்கள் முதல்முறை சிரிப்பார்கள். ஸுஹைறா இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது கோபத்தினால். அவளுடைய சொந்தக் கலியாணத்தன்று, மருதமுனையில் அவளைச் சோடிக்க வந்தவள் இன்னொரு வீட்டுக்கும் ஒப்புக்கொண்டிருந்தாள். அவசரத்தில் தலைப்பட்டத்தை நான்கு ஊசியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். படம் எடுக்கும் நேரத்தில் அது சரிந்து ஸுஹைறாவின் இடது கண்ணை மூடிவிட்டது. அல்பம் முழுக்க ஒற்றைக் கண்ணோடு இருக்கிறாள். மிஹ்லாரின் பெரியம்மா ஒருத்தி அல்பத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணுட கண்ணுல என்ன குறைகா? முன்னமே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாளாம். அன்று தொட்டு ஸுஹைறா தலைக்கு ஊசி குத்தப் படித்தாள். அவள் நிறுத்திய பட்டம் பூகம்பம் வந்தாலும் அசையாது என்று பெயரெடுத்தாள். கழற்றும்போது பெண்கள் அழுவார்கள் என்பது வேறு கதை.

மகாராணிகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு மணப்பெண்ணின் பிடிவாதத்தால். அந்தப் பெண் துருக்கி நாடகங்களில் வரும் கிரீடங்களின் படங்களை அனுப்பி அனுப்பி, ஒன்றும் பிடிக்காமல், "வேற என்னவும் இருக்கா மாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸுஹைறாவும் கோபத்தோடு போனில் விரலைத் தள்ளிக்கொண்டே போனாள். தள்ளிய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஒரு தங்கக் காசு. அதில் பக்கவாட்டில் ஒரு பெண். மயிரைப் பின்னி, பின்னலை மேலே மடித்து, அதைச் சுற்றி இரட்டை வரிசை முத்துப்பட்டம். காதுக்குப் பின்னால் பட்டத்தின் நுனிகள் தொங்கின. கழுத்தில் முத்துமாலை. தோளில் ஒரு பெரிய ஊசிப்பதக்கம். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்திய றோமாபுரி மகாராணி என்று கீழே போட்டிருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னும் பெரிதாக்கினாள்.

"இஞ்சாருங்க!" என்று படியில் நின்று கத்தினாள். மிஹ்லார் கிளச் கேபிளோடு ஓடிவந்தார். "இவட பட்டத்தைப் பாருங்க. ஒரு ஊசி வெளிய தெரியுதா?"

மிஹ்லார் பார்த்தார். "தெரியல்ல" என்றார்.

"ஆயிரத்தறுநூறு வரியமா நிக்கிது!" என்றாள் ஸுஹைறா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிஹ்லாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மனைவியின் கண்ணில் நீர் கண்டால் ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவது அவர் வழக்கம்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ராசாக்களின் காசை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே தொப்பி. அதுல என்ன இருக்கு?" என்றாள். மகாராணிகள்தான் வேண்டும். அவர்களின் கதைகளைத் தேடி வாசித்தாள். வாசித்ததையெல்லாம் தன் கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். புல்கேரியா என்றொருத்தி கலியாணமே வேண்டாம் என்று சத்தியம் பண்ணியவள். "மாப்பிள்ளை வேணாமாம். ஆனா சோடிப்புல ஒரு குறையும் வைக்கல்ல. இப்பிடி ஒருத்தி வந்தா நான் வாடகையே கேக்கமாட்டேன்" என்றாள் ஸுஹைறா. பிளசிடியா என்பவளைப் பகை நாட்டான் பிடித்துக்கொண்டு போய்க் கலியாணம் முடித்தானாம். "பாவம், அந்த அவசரத்துல ஆரு சோடிச்சாங்களோ" என்று கவலைப்பட்டாள்.

தம்பி றிப்தி ஜெர்மனியில் முனிச் நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்தான். அந்த ஊரில்தான் இப்படிப்பட்ட காசுகள் ஏலத்துக்கு வருகின்றன என்று அறிந்த நாள் முதல் அவனுக்கு நிம்மதி போயிற்று. பாண் சுடும் போறணைக்கு முன் நின்று உழைத்துவிட்டுத் தூங்கப் போகிறவனை வாட்ஸ்அப்பில் எழுப்பி, ஏல மண்டபத்துக்கு அனுப்பினாள். கலியாணத்தின்போது வாப்பா போட்ட காப்புகளில் ஒரு சோடியை அவள் அதற்காகவே விற்றாள். "பவுணைக் குடுத்துப் பவுண் வாங்கிறன். இதுல என்ன நட்டம்?" என்று மிஹ்லாரிடம் கேட்டாள்.

முதலில் வந்து சேர்ந்தது புல்கேரியா. விடுமுறைக்கு வந்த றிப்தி அவளைக் காகிதமும் கையுமாக, எல்லா அத்தாட்சியோடும் கொண்டுவந்து கொடுத்தான். மிஹ்லார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"மற்றது எங்க?" என்று கேட்டார்.

"எந்த மற்றது?"

"ரெண்டு காப்புக்கு இது ஒண்டா?"

ஸுஹைறா காசைப் பறித்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள். மறுநாள் ஒரு பலகைப் பெட்டி செய்வித்து, அதற்குள் நீல வெல்வெட் ஒட்டி, வட்டமாக நான்கு குழிகள் தோண்டச் சொன்னாள். மூன்று குழி வெறுமையாக இருப்பதைக் கண்ட மிஹ்லார் மிச்சமிருந்த காப்புகளை மனசுக்குள் எண்ணிப் பெருமூச்சு விட்டார்.

இரண்டாவது குழிக்கு யுடோக்ஸியா வந்த விதம்தான் கல்முனையில் இன்னும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. ஏலம் அங்கே காலையில், இங்கே பகல் சாப்பாட்டு நேரம். அதே நேரத்தில் ஸுஹைறாவின் கதிரையில் றிஸ்னா என்ற மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். ஸுஹைறா காதில் போன் ஒயரைச் செருகிக்கொண்டு, முக்காட்டை அதன்மேல் போட்டுக்கொண்டு, றிஸ்னாவின் கண்ணுக்கு மை தீட்டத் தொடங்கினாள். காதுக்குள் றிப்தி, "றாத்தா, உங்கட ஆள் வந்துட்டா" என்றான்.

"தூக்கு!" என்றாள் ஸுஹைறா.

றிஸ்னா நாடியைத் தூக்கினாள்.

"இன்னும் தூக்கு!"

றிஸ்னா கூரையைப் பார்த்தாள்.

"அவன் தூக்கிறானா? நீ விடாத! தூக்கு, தூக்கு, தூக்கு!"

றிஸ்னா கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பிவிட்டாள். 'அவன்' யார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"றாத்தா," என்றான் றிப்தி காதுக்குள், "இதுல ஓட்டை இருக்கு. அதுதான் ஒருத்தரும் பெரிசாக் கேக்கல்ல. பக்கத்துல இருக்கிற கிழவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

"எங்க ஓட்டை?"

றிஸ்னா பதறிப்போய்த் தன் பட்டுச் சீலையை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள்.

"தலைக்குக் கிட்ட, மேல. ஆரோ துளைச்சிருக்காங்க."

"அப்ப ஆரோ கழுத்துல போட்டிருக்கா!" என்று ஸுஹைறா கத்தினாள். "அதுதான் வேணும்! தூக்குடா!"

றிப்தி ஏல அட்டையைத் தூக்கினான். சுத்தியல் விழுந்த சத்தம் முனிச்சிலிருந்து கல்முனைக்குக் கேட்டது. ஸுஹைறா மைக்குச்சியை அப்படியே பிடித்தபடி "அல்ஹம்துலில்லாஹ்" என்று நீளமாக மூச்சுவிட்டாள். அப்போதுதான் கதிரையில் றிஸ்னா நின்றுகொண்டிருப்பதைக் கண்டாள். ஒரு கண்ணில் மை நெற்றிவரைக்கும் போயிருந்தது.

"இருகா புள்ள," என்றாள் அன்போடு. "ஏன் நிக்காய்?"

அடுத்த விடுமுறைக்கு றிப்தி கொண்டுவந்த காசை நேரில் பார்த்தபோதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். மகாராணியின் தலைக்கு நேர் மேலே, ஆகாயத்திலிருந்து ஒரு கை இறங்கியிருந்தது. அந்தக் கை ஒரு வளையத்தைப் பிடித்து அவள் தலையில் வைக்கப் போனது. அது ஆண்டவன்ட கை என்றுதான் அந்தக் காலத்து ஆக்கள் செதுக்கினார்களாம் என்று றிப்தி விளக்கினான்.

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று அவள் காசைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒற்றை விரலால் திரும்ப நிமிர்த்தினாள்.

"அது அவங்கட நினைப்பு. எனக்குப் பார்க்க இது சோடிக்கிறவட கை. சோடிக்கிறவளுக்குக் கை மட்டும்தானே படத்துல விழும்? முகத்தை வெட்டிப் போட்டிருவாங்க."

றிப்தி ஓம் என்று தலையாட்டினான். விடுமுறைக்கு வந்தவன் அவன்.

இந்த யுடோக்ஸியாவை அச்செடுத்துத்தான் 'றோம் செட்' பிறந்தது. கல்முனையில் நகை செய்யும் பாக்கியராசா பித்தளையில் அவளை வார்த்து, பளபளவென்று முலாம் பூசி, ஓட்டை இருந்த இடத்தில் வளையம் போட்டு, ஒன்பது காசு வைத்த மாலையாக்கிக் கொடுத்தார். அதே முத்துப்பட்டத்தைத் தலைக்கும் செய்தார்.

"தங்கச்சி, இந்தப் பொம்பிளை ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

"என்ட வாடிக்கையாள் எண்டு சொல்லுங்க பாக்கியண்ணன்."

றோம் செட் பிடித்துக்கொண்டது. சாய்ந்தமருதுக்குப் போயிற்று, நிந்தவூருக்குப் போயிற்று, பாண்டிருப்பில் கேசினி என்ற பெண்ணின் தாலிகட்டுக்கும் போயிற்று. பெரிய நீலாவணை முதல் அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனையோ மணப்பெண்களின் நெஞ்சில் யுடோக்ஸியா ஒன்பது ஒன்பதாகத் தொங்கினாள்.

பிழை நடந்தது ஒரு வியாழக்கிழமை. ஸுஹைறா ஒரு பெண்ணைச் சோடிக்கச் சவளக்கடைக்குப் போயிருந்தாள். அன்று பார்த்து ஒலுவிலிலிருந்து ஹாஜறா என்பவள் அனுப்பிய ஆள் றோம் செட்டை எடுக்க வந்தான். மிஹ்லார் மேலே ஏறிப் பெட்டியைத் திறந்தார். மாலையில் நடுக்காசு இல்லை. வளையம் கழன்று அது பாக்கியராசாவிடம் போயிருந்தது. ஸுஹைறா வந்து வேறொன்று கோர்ப்பதாக இருந்தாள். மிஹ்லாருக்கு அது தெரியாது. மேசை லாச்சியை இழுத்தார். ஒரு பஞ்சுத் துண்டில் ஒரு காசு இருந்தது. அதே முகம், அதே கை, மேலே வசதியாக ஓட்டை. ஒரு வளையத்தைப் போட்டுக் குறட்டால் நெரித்து, மாலையின் நடுவில் கோர்த்து அனுப்பிவிட்டார். தானும் ஒரு கைவேலைக்காரன்தான் என்று அவருக்கு அன்று பூராகவும் ஒரே சந்தோசம்.

பாக்கியராசாவிடம் மாதிரிக்குக் கொடுத்து வாங்கிய யுடோக்ஸியாவைப் பெட்டியில் வைக்க, வெள்ளி காலையில் ஸுஹைறா லாச்சியைத் திறந்தாள். மூடினாள். திரும்பத் திறந்தாள். பிறகு படியால் இறங்கி வந்தாள்.

"இஞ்சாருங்க, லாச்சிக்குள்ள பஞ்சுல ஒரு காசு..."

"அதைத்தான் கோர்த்து அனுப்பினேனே," என்றார் மிஹ்லார், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு. "மாலையில ஒண்டு குறைஞ்சிருந்திச்சு. நல்லவேளை நான் பாத்த."

ஸுஹைறா டயர் அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். அப்போதுதான் மிஹ்லாருக்கு விளங்கியது. கடைக்குள் நின்ற வாடிக்கையாளரை வெளியே தள்ளி, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

ஒலுவில் வரைக்கும் போன பயணம் மிஹ்லாரின் வாழ்க்கையில் மறக்க முடியாதது. சாய்ந்தமருது தாண்டிக் காரைதீவு மட்டும் ஸுஹைறா பின்னால் இருந்து ஏசிக்கொண்டு வந்தாள். காரைதீவிலிருந்து நிந்தவூர் மட்டும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்று செய்தாள். நிந்தவூர் கழிந்து வயல்வெளி வந்ததும் காற்று முகத்தில் அடித்துப் புதுப் பலம் வந்து, திரும்பவும் ஏசத் தொடங்கினாள். ஹாஜறாவுக்குப் போன் எடுத்தால் பதிலில்லை. கலியாண வீட்டில் யார் போனைத் தூக்குவார்கள்?

ஹாஜறா மூன்று படகுக்குச் சொந்தக்காரி. மீன் வியாபாரிகளே அவளோடு விலை பேசப் பயப்படுவார்கள். மகள் அம்ஹாவுக்கு அன்று கலியாணம். ஸுஹைறா பந்தலுக்குள் கால் வைத்ததும், "வாங்க, வாங்க! நானே ஆள் அனுப்ப இருந்த" என்று குரல் வந்தது. அது வரவேற்புக் குரலாக இல்லை.

ஹாஜறா அவளை ஓரமாக இழுத்துப்போய் ஒரு கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். அதற்குள் யுடோக்ஸியா இருந்தாள். ஸுஹைறாவுக்கு உயிர் வந்தது.

"இது என்ன ஸுஹைறா? எல்லாக் காசும் பளபளண்டு மின்னுது. இது மட்டும் செத்த மீன்ட கண் மாதிரிக் கிடக்கு. கீறல் வேற. வீடியோவுல விழுந்தா ஆக்கள் என்ன சொல்லுவாங்க? நான் கழட்டிப்போட்டன்."

"நல்ல வேலை செஞ்சீங்க ஹாஜறாத்தா. தாங்க, நான் கொண்டு போறன்."

ஸுஹைறா கையை நீட்டினாள். ஹாஜறா கைக்குட்டையைப் பின்னால் மறைத்தாள்.

"பொறுங்க. வாடகையில குறைக்கிறதைக் கதைச்சிட்டுத்தான்."

"வாடகையே வேணாம்!"

சொன்ன பிறகுதான் ஸுஹைறாவுக்குப் பிழை தெரிந்தது. ஹாஜறாவின் கண்கள் சுருங்கின. கேட்டவுடனே இப்படி இறங்கிய மனிசரை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை. கைக்குட்டையை முடிச்சுப் போட்டு, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"எல்லாம் முடியட்டும். மறுகா கதைப்பம்" என்றாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து அம்ஹாவின் அலறல் கேட்டது. "உம்மா! என்ட கழுத்துல என்னவோ ஒழுகுது!"

இருவரும் ஓடினார்கள். மணப்பெண் கண்ணாடிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். மாலையின் நடுவிலிருந்து மண்ணிறமாக ஒரு கோடு நெஞ்சை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீலையின் கரைக்கு இன்னும் ஒரு விரலளவுதான் இருந்தது. காசைக் கழற்றிய இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஹாஜறா, கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்த தங்கக் கடதாசி சுற்றிய சொக்லட் காசொன்றை அங்கே கோர்த்துவிட்டிருந்தாள். வீடியோக்காரனின் லைட்டுக்கு அது உருகிவிட்டது.

ஸுஹைறாவுக்கு வேறு எல்லாம் மறந்துபோயிற்று. "அசையாத. மூச்சு விடாத" என்றாள். ஈரத் துணியால் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் துடைத்தாள். பவுடர் ஒற்றினாள். கழுத்தோடு ஒட்டிக்கொண்ட கடதாசியை நகத்தால் உரித்தெடுத்தாள். சீலையில் ஒரு பொட்டும் விழவில்லை. அம்ஹா அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

வெளியே வாகனங்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார். மாலையின் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி.

"ஒரு காசு வேணுமே ஹாஜறாத்தா," என்றாள் ஸுஹைறா மெல்ல.

ஹாஜறா வாசலைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி அவிழ்த்தாள். ஸுஹைறா யுடோக்ஸியாவைக் கோர்த்தாள். கோர்த்து முடித்த பிறகுதான் நிலைமை அவளுக்குச் சரியாக விளங்கியது. காசு கையில் வந்தது, வந்த அதே நிமிடத்தில் கழுத்துக்குப் போய்விட்டது. இனி நிகழ்ச்சி முடியும்வரை எடுக்க முடியாது.

"இன்னொரு விசயம்," என்று ஹாஜறா அவளுடைய காதைக் கடித்தாள். "மாப்புள வீட்டுக்கு இது வாடகை எண்டு தெரியாது. எங்கட சொந்த நகை எண்டுதான் சொல்லி வச்சிருக்கன். நீங்க என்ட ஒண்டுவிட்ட தங்கச்சி. விளங்குதா?"

அப்படித்தான் ஸுஹைறா மணப்பெண்ணுக்குச் சாச்சியானாள். வெளியே நின்ற மிஹ்லார் சாச்சாவாகி, சோறு பரிமாறும் சஹன் தட்டுத் தூக்க அனுப்பப்பட்டார். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்று அவர் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்கும் நிலையில் இருந்தார்.

பெண்களுக்கென்று திரை கட்டிய பக்கத்தில் அம்ஹாவை உட்கார வைத்தார்கள். ஸுஹைறா நேர் எதிரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கண் இமைக்காமல் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரியாணி வந்தது, வேண்டாம் என்றாள். "சாச்சிக்குப் புள்ளையில சரியான இரக்கம்" என்று பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி எழும்பி வந்தாள். அக்கரைப்பற்றில் நகைக்கடைக்காரரின் மனைவி. பட்டுச் சீலை, மூக்குக்கண்ணாடி. நகைக்கு மேல் நகை போட்டிருந்தாள். மணப்பெண்ணுக்கு ஸலாம் சொன்ன கையோடு மாலையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் ஒவ்வொரு காசாகத் தாண்டி வந்து, நடுவில் இருந்த மங்கல் காசில் நின்றது.

ஹாஜறாவின் முகம் வெளிறியது.

"மற்றதெல்லாம் ஒரு நிறம், இது ஒரு நிறம்," என்றாள் மாமி. ஹாஜறா வாயைத் திறக்குமுன், மாமி குனிந்து அந்தக் காசைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

ஸுஹைறா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். கடி தன் கழுத்தில் விழுந்தது மாதிரி இருந்தது அவளுக்கு.

மாமி காசை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"மாஷா அல்லாஹ்! சொக்கத் தங்கம். பழந்தங்கம். இப்பிடித் தங்கம் இப்ப எங்க கிடைக்குது?" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். மங்கல் காசே தங்கம் என்றால் மற்ற எட்டையும் கடித்துப் பார்க்க என்ன இருக்கிறது? மாமி மாலையை மரியாதையோடு அம்ஹாவின் நெஞ்சில் படியவிட்டாள்.

"இது ஆர்ட முகம்?" என்று கேட்டாள்.

ஹாஜறா ஒரு நொடி தடுமாறினாள். படகுக்காரி அல்லவா, அடுத்த நொடியே நிமிர்ந்துவிட்டாள். "எங்கட மூத்தம்மாட மூத்தம்மா."

மாமி காசையும் ஹாஜறாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம், மூக்கு உங்கட மூக்குத்தான்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹாஜறா ஸுஹைறாவைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள்.

"மெய்யா?"

"மெய்தான் ஹாஜறாத்தா."

"எல்லாமா?"

"அது மட்டும்."

ஹாஜறா அரிசி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். ஸுஹைறா எல்லாவற்றையும் சொன்னாள். காப்பு விற்றது, முனிச் ஏலம், லாச்சி, மிஹ்லாரின் கைவேலை. கேட்கக் கேட்க ஹாஜறாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பொய் எண்டு கழட்டினது மெய்யாப் போச்சு. மெய் எண்டு சொன்னதெல்லாம் பொய். என்ட ரப்பே!"

"நான் வாய் திறக்கமாட்டன் ஹாஜறாத்தா," என்றாள் ஸுஹைறா.

"நானும்தான்," என்றாள் ஹாஜறா. "ஆனா அந்த மனிசி கடிச்சதுல எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கே, அதை நான் திருப்பித் தரமாட்டன்."

நிகழ்ச்சி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு ஹாஜறாவே மாலையைக் கழற்றி, நடுக்காசை உருவி, புதுக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். வாடகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஒரு சட்டி வட்டிலப்பமும் தந்தாள். திரும்பி வரும்போது ஸுஹைறா மிஹ்லாரை ஏசவில்லை. ஒரு கையில் காசும் மறு கையில் வட்டிலப்பச் சட்டியுமாக இருந்ததால் ஏசுவதற்கு வசதிப்படவில்லை.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது காசின் ஓரத்தில் மாமியின் பல் அடையாளம் தெரிந்தது. படமெடுத்து அனுப்பியபோது றிப்தி முனிச்சிலிருந்து அலறினான். "றாத்தா, இனி இதை ஆரும் வாங்கமாட்டாங்க!"

"ஆருடா விக்கப் போறது?" என்றாள் ஸுஹைறா.

றோம் செட்டின் பெயர் அதற்குப் பிறகு இன்னும் பரவியது. ஒலுவில் கலியாணத்தில் அப்படி ஒரு பழந்தங்க மாலை போட்டார்களாம் என்று அக்கரைப்பற்றுப் பெண்கள் கதைத்தார்கள். பழந்தங்கம் என்றால் மங்கலாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்கு வரும் பெண்கள் பளபளக்கும் காசுகளைத் தள்ளிவிட்டு, "மங்கல் செட் இல்லையா?" என்று கேட்டார்கள். பாக்கியராசா முலாம் பூசிய காசுகளைத் திரும்ப எடுத்துக் கந்தகப் புகை காட்டி, மினுக்கத்தைக் கொல்லுவதற்குத் தனிக்கூலி கேட்டார். "தங்கச்சி, மின்ன வைக்கத்தான் எனக்குப் படிப்பிச்சாங்க. இது எனக்குப் புதுத் தொழில்" என்று முணுமுணுத்தார். ஹாஜறா அடிக்கடி போன் எடுப்பாள். மீன் விலை, மழை, மருமகன் என்று கதைத்துவிட்டு, வைக்குமுன், "எங்கட மூத்தம்மா சுகமா இருக்காவா?" என்று கேட்பாள்.

மிஹ்லாருக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமை மனதைவிட்டுப் போகவில்லை. மேல்மாடிக்கு ஏறுவதையே நிறுத்திவிட்டார். ஏதாவது தேவையென்றால் படியடியில் நின்று கூப்பிடுவார். சில மாதம் கழித்து ஒருநாள், பாக்கியராசாவின் கடையில் யாரோ உருக்கக் கொண்டுவந்த பழைய பதக்கமொன்றில் ஒரு தங்கக் காசைக் கண்டார். அதிலும் ஒரு மகாராணி. வாய் நிறையச் சிரிப்போடு அதை வாங்கி, மனைவியின் முன்னால் மேசையில் வைத்தார்.

ஸுஹைறா எடுத்துப் பார்த்தாள். கொழுத்த கன்னம், தொங்கிய நாடி, தலையில் ஒரு குட்டிக் கிரீடம். பிரித்தானிய விக்டோரியா மகாராணி. றோமாபுரிக்கும் இவளுக்கும் ஆயிரத்து நானூறு வருடத் தூரம். பட்டமும் இல்லை, பின்னலும் இல்லை. சோடிப்பில் மனிசி அக்கறையே எடுக்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"இவட காலம்..." என்று தொடங்கினாள்.

"முக்காடு போட்டிருக்கா பாத்தயா?" என்றார் மிஹ்லார் அவசரமாக. மெய்தான். அந்த மகாராணியின் கிரீடத்துக்குக் கீழே ஒரு துணி பின்னால் தோள்வரை இறங்கியிருந்தது. "எங்கட வீட்டுக்கு ஏத்த மகாராணி இவதான். மற்ற ரெண்டு பேரும் தலையைத் திறந்துகொண்டு நிக்கிறாங்க. ஒரு பெரிய மனிசி வீட்டுல இருக்கிறது நல்லம்தானே?"

ஸுஹைறா அவருடைய முகத்தைப் பார்த்தாள். வழக்கமாகத் தலையைப் பார்க்கிறவள், அன்று முகத்தைத்தான் பார்த்தாள். பலகைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். பிளசிடியாவுக்கென்று ஒதுக்கியிருந்த மூன்றாவது குழியில் விக்டோரியாவை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. பெரிய மனிசிக்குக் குழி ஒரு மயிரிழை சின்னது.

"கொண்டா இஞ்ச," என்று மிஹ்லார் பெட்டியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். அரத்தை எடுத்து, கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குழியின் விளிம்பை மெல்ல மெல்ல ராவத் தொடங்கினார். கிளச் கேபிள் வாங்க வந்தவன் நின்று பார்த்தான், இருமிப் பார்த்தான். மிஹ்லார் நிமிரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றார். "மகாராணிக்கு இடம் சரிபண்ணிட்டு வாறன்."